சூட்டறையில் ஒரு தட்டு

அவள் இழுத்த இழுப்பில் கதவு வரவில்லை. கைப்பிடி மட்டும் கையோடு வந்தது.

"அண்ணா, எதுக்குக் கதவைச் சாத்தினீங்க? நான்தான் ஸ்டூல் முட்டுக் கொடுத்திருந்தேனே!"

"சூடு வெளியே போயிடுமேன்னு..." நிதானம் திருதிருவென்று விழித்தார். ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் வைத்த பெயர் அது. தீப்பிடித்தாலும் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டுதான் ஓடுவார். அவளுக்கு வைத்த பெயர் பட்டாசு.

"பன்னிரண்டு மணிக்கு அந்தக் குழந்தைக்கு மருந்து ஏத்தப் போறாங்க!"

"இன்னிக்கா? அடுத்த வாரம்னுல்ல சொன்னாங்க!"

"முன்னாடி தள்ளிட்டாங்க."

அவர் முகம் வெளிறியது.

நாலு வயதுக் குழந்தை. சிறுநீரகப் புற்று. ஒரு சிறுநீரகத்தை எடுத்தாயிற்று. நோய் நுரையீரலில் மறுபடி தலைகாட்டியதால் புது மருந்து. அது வேலை செய்யும் என்று அறிக்கை கொடுத்தது இவர்கள் கூடம்தான்.

தப்பான அறிக்கை.

சூட்டறை முழுக்கத் தட்டுகள். குழந்தைகளின் கட்டியிலிருந்து செல்களை எடுத்து, கூழில் பதித்து, உடம்புச் சூட்டில் வளர்க்கும் கடுகளவு உருண்டைகள். ஆர்கனாய்டு என்பார்கள். மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்குமுன் இந்த உருண்டைக்குக் கொடுத்துப் பார்க்கலாம். உருண்டை செத்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். இன்று காலை அந்தத் தட்டில் மிச்சமிருந்ததை மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள் லென்ஸை மாற்றி மறுபடி பார்த்தாள். கட்டியென்றால் கெட்டியாக, கன்னாபின்னாவென்று இருக்க வேண்டும். இவையோ வரிசை பிசகாத சின்னஞ்சிறு குழாய்கள். கட்டியோடு ஒட்டிவந்த நல்ல சிறுநீரகச் செல்கள் மளமளவென்று பெருகி, புற்றுச் செல்களை ஓரங்கட்டியிருந்தன. அப்படியானால் மருந்து கொன்றது புற்றை அல்ல, சிறுநீரகத்தை. குழந்தைக்கு மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று.

இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொள்ள வந்த இடத்தில்தான் இந்தச் சிறை. கைபேசிகள் வெளியே. கதவு குளிர்பதனப் பெட்டிக் கதவைப் போலத் தடிமன். கத்தினால் தொண்டைதான் போகும்.

அவள் கண், மூலையில் மாதிரிகள் கொண்டுவரும் ஐஸ் பெட்டியில் விழுந்தது.

"அண்ணா, அறைச் சூடு குறைஞ்சா மெக்கானிக் ரூம்ல அலாரம் அடிக்கும்ல? ஐஸ் பையைச் சூட்டை அளக்கிற அந்த சென்சார் மேல வச்சா?"

"அலாரம் அடிக்கும். ஹீட்டரும் அடிச்சுத் தள்ளும். அறை குளிர்ந்துபோச்சுன்னு நினைச்சு நிக்காம ஓடும். அதுக்கென்ன மூளையா இருக்கு? எல்லா உருண்டையும் வெந்துடும், பட்டாசு! எத்தனை பிள்ளைங்களோடது!"

"உருண்டையைத் திரும்ப வளர்க்கலாம். சிறுநீரகத்தை?"

அவள் ஐஸ் பையை சென்சாரில் கட்டினாள்.

ஹீட்டர் உறுமியது. அனல் முகத்தில் அறைந்தது. சுவரில் எண் நாற்பதைத் தாண்டியது. சட்டை முதுகில் ஒட்டியது; மூச்சு உள்ளே போக மறுத்தது. யாரும் வரவில்லை.

நிதானம் திடீரென்று எழுந்து மேல்தட்டின் மூலையிலிருந்து ஒரே ஒரு தட்டை எடுத்தார். மிச்சமிருந்த ஐஸ் பையைத் துண்டில் சுற்றி, பெட்டிக்குள் அதன் மேல் தட்டை வைத்து மூடினார். பெட்டியை அணைத்தபடி தரையில் சுருண்டார்.

"மத்ததெல்லாம் யார் வீட்டுப் பிள்ளைங்களோ, அப்படித்தானே?" என்று சீறினாள்.

அவர் பெட்டியை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

கண் இருட்டிக்கொண்டு வந்த நேரத்தில் கதவு திறந்தது.

"குளிருதுன்னு அலாரம் அடிச்சுது, இங்க மூட்டி வச்ச அடுப்பு மாதிரி..." மெக்கானிக் முடிப்பதற்குள் அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். போன். மணி. மணி. மணி.

"டாக்டர், அந்த மருந்தை ஏத்தாதீங்க! எங்க அறிக்கை தப்பு!"

எதிர்முனையில் ஒரு மூச்சு. "சிஸ்டர், நிறுத்துங்க. கழட்டுங்க அதை." பிறகு அவளிடம், "இன்னும் உள்ளே போகலை. ஆனா இந்தப் பிள்ளைக்கு நான் வேற என்ன கொடுக்கிறது?"

"தெரியலை, டாக்டர்." போனை வைத்துத் திரும்பினாள். நிதானம் வாசலில் நின்றார், பெட்டியோடு.

"யாரோட தட்டு அது? உங்க சொந்தக்காரப் பிள்ளையோடதா?"

"அதே குழந்தையோடதுதான்." மூடியைத் திறந்தார். "உறைய வச்சிருந்த கட்டித் துண்டிலிருந்து புதுசா வளர்த்தேன். பார்த்துட்டேன், கெட்டியா இருக்கு. நிஜக் கட்டி. இதுல வேற மருந்தெல்லாம் போட்டுப் பார்க்கலாம்."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பாதியில் இரண்டுமே நின்றன. இது வளர வாரக்கணக்கில் ஆகுமே.

"அண்ணா, இதை எப்போ ஆரம்பிச்சீங்க?"

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறிக்கை போன மறுநாள். உறுதியானதும் சொல்லலாம்னு..."