முள்ளங்கிக் கீரைக்குச் செத்த செல்கள்

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. வாயில் மிச்சமிருக்கும் நாலு பல்லின் மேல் சத்தியம்.

திங்கட்கிழமை காலை நுண்ணோக்கியில் கண்ணை வைத்த லேப் டெக்னீஷியன், வைத்த கண்ணை எடுக்க மறந்துபோனாள். உள்ளங்கை அகலத் தட்டில் சட்டைப் பொத்தான் அளவுக் குழிகள்; குழிகளுக்குள் புற்றுநோய்ச் செல்கள். மேல் வரிசையில் வெள்ளிக்கிழமை மாலைதான் முள்ளங்கிக் கீரைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டிருந்தாள். எந்நேரமும் குழியின் அடியோடு ஒட்டிக்கொண்டு பெருகி அழிச்சாட்டியம் பண்ணும் செல்கள், இன்று சுருண்டு உருண்டு கும்பலாக மிதந்தன. பதினோரு வருடத்தில் எந்தக் கீரையும் அவளிடம் இத்தனை மரியாதையாக நடந்துகொண்டதில்லை.

தட்டை முழுதாகப் பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். மார்பில் கட்டியோடு ஓர் அக்கா இருந்தால் சட்டமெல்லாம் ஞாபகத்துக்கு வராது. உடனே போனைப் போட்டாள்.

"அக்கா, செத்துருச்சு! மொத்தமா!"

"யாருடி?"

"கேன்சர் செல்லு! முள்ளங்கிக் கீரைக்கு!"

தையற்காரி அக்காவுக்கு மறுநாள் மூன்றாவது கீமோ ஊசி. முதல் இரண்டிலேயே தையல் மெஷின் சக்கரத்தில் சிக்கும் அளவுக்கு முடி கொட்டியிருந்தது. "உன் வாயில சக்கரை போடணும்டி" என்று போனை வைத்துவிட்டாள்.

அப்புறம்தான் இவள் கீழ் வரிசையைப் பார்த்தாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வெறும் சத்துநீர் விட்ட குழிகள். சாறு ஒரு சொட்டும் படாதவை. அங்கேயும் அத்தனையும் பிணம். கீரை வருகிற சேதி கேட்டே உயிரை விட்டிருக்கும் என்று நாம் சொல்லிவிடலாம். அவள் மறுபடி போனை எடுத்தாள். மூன்று முறை அழைத்தும் அக்கா எடுக்கவில்லை. வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே அக்கா வீட்டுக்கு ஓடினாள்.

அக்கா கையில் பெரிய தம்ளர், உதட்டில் பச்சை. ஆஸ்பத்திரிச் சீட்டு நான்காகக் கிழிந்து வெட்டுத் துணிகளோடு கிடந்தது.

"ஊசி வேணாம்னு டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டேன். பக்கத்து வீட்டுக்காரிகூட ரெண்டு கட்டு கேட்டா."

"அதக் கீழ வையிக்கா! கீரையே ஊத்தாத எடத்துலயும் செத்துக் கெடக்கு."

"பாத்தியா, அவ்வளவு வீரியம்!"

"ஐயோ, வீரியமில்லக்கா! கீரைதான் கொன்னுச்சுன்னு சொல்லவே முடியாது. முழுசாப் பாக்காம ஒளறிட்டேன். போனைப் போடு. நாளைக்கு ஊசிக்கு வர்றேன்னு சொல்லு."

அக்கா உதட்டுப் பச்சையைத் துடைத்தாள்.

"அப்ப எதுலடி செத்துச்சு?"

"தெரியல."

தம்ளர் சாய்ந்து, பாதி தைத்த வெள்ளைச் சட்டையில் பச்சை சொட்டியது. அக்காவின் மற்றொரு கை வெட்டுத் துணிகளுக்குள் சீட்டுத் துண்டுகளைத் துழாவியது.

லேபிலோ, செல்களை உடம்புச் சூட்டில் உயிரோடு வைத்திருக்கும் பெட்டியின் பிளக், வெள்ளிக்கிழமை கீரை அரைக்க மிக்ஸியைச் செருகுவதற்காக டெக்னீஷியனே பிடுங்கிப் போட்டபடி, திங்கட்கிழமையும் தரையில்தான் கிடந்தது.