மெஷின் சொல்லவில்லை

"ஜீப்பை விட்டு இறங்காதேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் இன்ஜினீயர் பஞ்சநதம் மதகடிக்குப் போனார். நான் கண்ணாடி வழியாக அப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில், ஆற்றிலிருந்து எங்கள் ஊர் வாய்க்கால் பிரிகிற இடம் அது. மதகின் மேல் மிராசுதாரர்கள் ஏழெட்டுப் பேர், நடுவில் அப்பா. ஷட்டரை இறக்க வேண்டிய லஸ்கர் கோவிந்தராசு, கைப்பிடியைத் தொடாமல் ஓரமாக நின்றார்.

அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் இல்லை. இருப்பதை முறை வைத்துத்தான் விட வேண்டும். எந்த மதகை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்று கணக்குப் போட ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்குப் புரோகிராம் எழுதத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். ஊரில் அப்பா என்னை டைப்பிஸ்ட் என்று சொல்லி வைத்திருந்தார். புரோகிராம் என்றால் எந்த சபாவில் என்று கேட்பார்களாம். சொல்லிக்கொள்ளட்டும் என்று நானும் விட்டிருந்தேன், மடத்தனம்.

காலங்காலமாகத் தலைமடைக்காரர்கள் வயிறு நிறைந்த பிறகுதான் கடைமடைக்கு. திருத்துறைப்பூண்டி பக்கம் போய்ப் பார்த்தேன். நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. கொடி பிடித்துப் போராடித் துண்டு நிலம் வாங்கிய வைரக்கண்ணு என்கிற அம்மாள், கருகிய நாற்றைப் பிடுங்கி என் கையில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து கணக்கைக் கடைமடையிலிருந்து ஆரம்பித்தேன். அங்கே தண்ணீர் போய்ச் சேரும்வரை தலைமடை மதகுகள் மூடியிருக்க வேண்டும். முதலில் மூட வேண்டியது எங்கள் ஊர் மதகு. ஓட்டை போட்ட அட்டைகளை மெஷினில் அடுக்கும்போதே அது எனக்குத் தெரியும்.

"நான் என்ன பண்றது நாகேஸ்வரன் சார், மெஷின் சொல்லிடுச்சு" என்று மதகின் மேல் பஞ்சநதம் அப்பாவிடம் சொன்னது ஜீப் வரை கேட்டது.

"மெஷினுக்கு என்ன ஓய் தெரியும்? என்னிக்காவது சேத்துல கால் வெச்சிருக்கா அது?" என்றார் அப்பா.

அப்பாவும்தான் வைத்ததில்லை.

பஞ்சநதம் நல்லவர். பழியை மெஷின் மேல் போட்டால் என் தலை தப்பும் என்று நினைத்தார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. மண்டையை உடைத்துக்கொண்டு நான் எழுதியதை ஓர் இரும்பு அலமாரி சொன்னதாம். இன்றைக்கு மெஷின் சொன்னது என்று விட்டால், நாளைக்கு எவனாவது தலைமடைக்குச் சாதகமாக எழுதிவிட்டு அதையும் மெஷின் சொன்னது என்பான். இறங்கிப் போனேன்.

"மெஷின் சொல்லலப்பா. நான் சொன்னேன்."

"மதுரம், புரோகிராம்னா டைப் அடிக்கறதுதானேடி?"

"இல்லப்பா. கணக்கு மொத்தமும் நான் எழுதினது."

"நம்ம நடவு காஞ்சு போகும்னு தெரியுமோ?"

"தெரிஞ்சுதான் எழுதினேன்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அப்போ நீயே மூடு. மூடிட்டு அப்படியே போயிடு. நம்ம வாசப்படி ஏறாதே."

"வேணாம்மா, கையக் கிழிச்சிடும்" என்றார் கோவிந்தராசு.

பிடித்துச் சுற்றினேன். துருவேறிய கைப்பிடி. தோல் உரிந்து எரிந்தது. அழுகையும் வந்தது, மறைக்கவில்லை. பலகை இறங்க இறங்க எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வற்றி, ஆற்றில் ஓட்டம் கூடியது. பாதியில், பின்னாலிருந்து ஒரு கை வந்து கைப்பிடியை மேலே சுற்றவிடாமல் இறுகப் பிடித்தது. விரலில் பச்சைக்கல் மோதிரம். அப்பாவின் கை. திரும்பிப் பார்க்காமல் என் உடம்பு முழுவதையும் கைப்பிடியின் மேல் சாய்த்துத் தள்ளினேன்.