குடிக்காத தள்ளாட்டம்

"வாயை ஊதுங்க."

"எதுக்குடி? வாயில பலூனா வச்சிருக்கேன், ஊத..."

"ஊதுங்கன்னா ஊதுங்க! போதையில தள்ளாடினீங்கன்னு மேஸ்திரி சாரத்துலேருந்து இறக்கி அனுப்பியிருக்கார். நாலு பேர் முன்னாடி..."

"குடிச்சேன். போதுமா? குடிச்சேன்!"

சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். மகள் பிறந்த அன்று குடியை விட்டவர். உயரமான கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர். அவர் வெறும் குழாய்மேல் நடப்பதைப் பார்த்தால் கீழே நிற்பவர்கள்தான் கண்ணை மூடிக்கொள்வார்கள். அந்த மனிதர் மறுபடி தொட்டுவிட்டார் என்றதும் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று பின்னாலேயே போனாள்.

முகமெல்லாம் சோப்பு. கண்ணை மூடிய மறுகணமே, யாரோ பிடித்துத் தள்ளியதுபோல் அவர் உடம்பு இடப்பக்கம் சாய்ந்தது. கை சுவரைத் தேடியது. சுவர் இருந்ததோ மறுபக்கம். வாளி உருண்டது. அவள் பாய்ந்து தாங்கினாள். நுரை வழியும் முகம் அவள் முகத்தருகே மூச்சு வாங்கியது. சோப்பு வாசனை. அவ்வளவுதான்.

"நீங்க குடிக்கலையே," என்றாள்.

அவர் ஈரத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "கண்ணை மூடினா தரை நழுவுது. இருட்டுல நடக்க முடியல. காதுக்குள்ள கோளாறாம். சரியாகலாம், ஆகாமலும் போகலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அதை மேஸ்திரிகிட்ட சொன்னா என்ன? குடிகாரன்னு பேர் வாங்கிட்டு வரணுமா?"

"போதைன்னா மறுநாள் தெளிஞ்சிடும், மேல ஏத்திடுவாங்க. தலை சுத்துறவன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் ஏத்த மாட்டாங்க. வேற என்ன வேலை தெரியும் எனக்கு?"

"விழுந்தா?"

"இடுப்பு பெல்ட்டைக் குழாய்ல மாட்டியிருப்பேனே."

"ஒரு குழாய்லேருந்து இன்னொன்னுக்குக் கொக்கியை மாத்துவீங்களே, அந்த நேரத்துல?"

அவர் உருண்டு கிடந்த வாளியை எட்டி நிமிர்த்தி வைத்தார்.

கூடத்தில் அவருடைய போன் அடித்தது. எழப் பார்த்தார், முடியவில்லை. அவளே எடுத்தாள். மேஸ்திரி. பின்னாலிருந்து கணவர் அடிக்குரலில், "தெளிஞ்சிட்டேன்னு சொல்லு... கால்ல விழறேன், சொல்லிடு," என்றார்.

"கோவத்துல திட்டிட்டேன் தங்கச்சி, மனசுல வச்சுக்காத," என்றது போன். "அவனை விட்டா எனக்கு ஆள் கிடையாது. காலையில உச்சி மாடிக்குச் சாரம் ஏத்தணும். நீ சொன்னா நம்பறேன். ஆள் நிதானமா இருக்கானா?"