பதிவேட்டில் விழுந்த ஓட்டை

1969 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, மந்தைவெளி அரசு அலுவலகத்தில் குமாஸ்தா சுயம்புலிங்கம் ஒரு பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுத்ததும், பாண்டி பஜாரில் போய்க்கொண்டிருந்த ஜீப் நின்றுவிட்டது. இரண்டாம் உலகப்போரில் ஓடி, பிறகு ஏலத்தில் தனியார் கைக்குப் போன நாற்பத்தோரு ராணுவ வண்டிகளின் பதிவேடுகள் அந்த அலுவலகத்தில் இருந்தன. எந்த வண்டி எத்தனை மைல் போனது, எங்கே குண்டு பட்டது எல்லாம் அவற்றில் உண்டு. மார்ச்சுக்குள் ஒவ்வொன்றிலும் கோடு போட்டு முடித்து, காகித ஆலைக்கு அனுப்பவேண்டும் என்பது உத்தரவு. மறுநாள் இன்னொரு கோடு. மாம்பலத்தில் ஒரு லாரி நின்றது. மெக்கானிக்குகள் எஞ்சினைப் பிரித்துப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை என்று திருப்பிப் பூட்டினார்கள். வண்டிக்காரர்கள் எப்படியோ மோப்பம் பிடித்து அலுவலக வாசலுக்கு வந்துவிட்டார்கள். பாண்டி பஜார் பூக்காரி சரோஜாதேவி மட்டும் அலட்டிக்கொள்ளாமல் நின்றுபோன ஜீப்பிலேயே கடை விரித்தாள்.

சுயம்புலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருஷத்தில் ஒரு உத்தரவையும் மீறாத மனுஷர். தெருவில் ஹாரன் கேட்டால் எழுந்து ஜன்னலுக்கு ஓடுவார், உட்காருவார், மறுபடி எழுவார். "என்னத்துக்கு இப்படிக் கெடந்து அலையுதிய?" என்று மனைவி பங்கஜம் அதட்டினாள். மேலதிகாரி நெருக்கவே, யாருக்கும் கெடுதல் வராத பதிவேடாகத் தேடி எடுத்தார். பர்மா எல்லையில் குண்டு பட்டதோடு 1944இல் குறிப்பு நின்றுபோன ஒரு ஆம்புலன்ஸ். எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும் என்று துணிந்து கோடு இழுத்தார். அரை மணியில் அதன் டிரைவர் சேட்டு மூச்சிரைக்க வந்து நின்றான்.

"சார், வண்டி அடையாத்துப் பாலத்து மேல நின்னுக்கினு கீது. கதவும் தொறக்கல. உள்ள என் தங்கச்சி தேவானை பிரசவ வலில துடிச்சிக்கினு கீது. இன்னா பண்ணுவியோ, இப்பவே பண்ணு."

தப்பாக எழுதியதைப் பாதி பிளேடால் சுரண்டி, ஓரத்தில் கையெழுத்துப் போடுவது குமாஸ்தாக்கள் வழக்கம். சுயம்புலிங்கம் சுரண்டினார். சிவப்பு போகவில்லை. இன்னும் சுரண்டினார். கடைசிச் சிவப்பு போனபோது காகிதத்தில் நாலணா அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதே நிமிடம் பாலத்தின் மேல் நின்ற ஆம்புலன்ஸ், டிரைவர் இல்லாமலே கிளம்பி, ஒழுங்காக இடப்பக்கமாகவே ஓடி, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. அடிபட்டவர்களைச் சுமந்து பழகிய வண்டிதானே. பெண் குழந்தை, சுகப்பிரசவம். வண்டியின் தரையில் மட்டும் நாலணா அளவுக்கு ஒரு ஓட்டை.

அன்று சாயங்காலமே மற்ற இரண்டு கோடுகளையும் அவர் பதமாகச் சுரண்டினார். ஜீப் சரோஜாதேவியையும் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு பனகல் பார்க் வரை போனது. நாற்பத்தோரு பதிவேடுகளையும் கரையான் தின்றுவிட்டது என்று வாழ்க்கையில் முதல் பொய்யை எழுதிவிட்டு, எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் அடுக்கினார். அப்புறமும் அவருக்கு நிம்மதி இல்லை. மழைக்காலத்தில் வெள்ளத்தில் சிக்கியவர்களை ஏற்றிவர சேட்டு ஆற்றோரக் குடிசைகளுக்கு வண்டியை விடும்போதெல்லாம், பதிவேட்டின் ஓட்டை வழியாக அடையாற்றுத் தண்ணீர் சொட்டியது. சொட்டுகிறவரை அவர் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். முதலில் திட்டித் தீர்த்த பங்கஜம், 1976 பெருமழையின்போது பீரோவின் கீழே ஒரு எவர்சில்வர் கிண்ணத்தை வைத்தாள். கிண்ணம் நிறைய நிறைய முற்றத்தில் கொட்டினாள். சொட்டுவது நின்றதும் இலை போட்டாள்.

"சேட்டுத் தம்பி கரையேறிருச்சு போல. சாப்பிட வாங்க."