வேரோடு புதைத்தது

"உடம்பு கிடைச்சுதா?" பதிவு அலுவலகக் குமாஸ்தா நிமிர்ந்து பார்க்காமலே கேட்டார்.

"இல்ல சார்."

"அப்ப எதைப் புதைச்சீங்க?"

"வாழைத்தண்டு," என்றாள் அஜியாம்போ.

குமாஸ்தா சிரிக்கவில்லை. அவரும் இந்தப் புசியா மாவட்டத்துக்காரர்தான். விக்டோரியா ஏரிக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கு இந்தப் பக்கத்தில் ஒரே வழிதான் உண்டு. ஆள் உயரத்துக்கு ஒரு வாழைத்தண்டை வெட்டி, வெள்ளைத் துணியில் சுற்றி, பெட்டியில் கிடத்தி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மூன்று நாள் அழுது மண்ணில் இறக்கிவிடுவார்கள். அதன் பிறகு அந்த ஆள் செத்தவர்தான். பெண்டாட்டி விதவை, பிள்ளைகள் தகப்பனில்லாதவர்கள். ஊருக்கு அது போதும். அரசாங்கத்துக்குப் போதாது.

"தண்டுக்கெல்லாம் இறப்புச் சான்றிதழ் தர முடியாதும்மா. காணாமப் போய் ஏழு வருஷம் தாண்டிடுச்சில்ல? கோர்ட்டுக்குப் போங்க. உங்கம்மா பைபிள் மேல கை வெச்சு, 'அவர் உயிரோட இருக்கார்னு நம்பறதுக்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியாது'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். கோர்ட்டு சொல்லிட்டா நான் அன்னைக்கே தர்றேன்."

சத்தியப் படிவம் ஒன்றையும் கொடுத்தார். அஜியாம்போ அதை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, தன் ஊரான போர்ட் விக்டோரியாவுக்குப் போகும் வேனில் ஏறினாள்.

எல்லாம் அரசாங்கக் கடன் அலுவலகத்திலிருந்து மாமாவுக்கு வந்த ஒரு கடிதத்தால் வந்தது. அவள் அப்பா வாண்டேரா நைரோபியில் பொருளாதாரம் படித்தவர். அந்தக் கிராமத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். படிக்க அரசாங்கத்தில் வாங்கிய கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் அம்மாவின் அண்ணன் மகோகா. படித்து முடித்த அப்பாவுக்கு வேலை கிடைக்கவில்லை. பத்து வருஷம் விண்ணப்பம் போட்டுவிட்டு, கடைசியில் தீவுகளில் மீன் வாங்கி விற்கப் போனார். பதினோரு வருஷத்துக்கு முன் ஒரு ஆகஸ்டில் படகு கவிழ்ந்தது. நாலு பேரில் மூன்று பேர் உடல் கரைக்கு வந்தது. அப்பாவுடையது வரவில்லை. அப்போது அஜியாம்போவுக்குப் பதினைந்து வயது.

கடன் மட்டும் சாகவில்லை. மாதாமாதம் அபராதம் ஏறிக்கொண்டே இருந்தது. இப்போது கூட்டுறவுச் சங்கத்தில் மாமா சேர்த்து வைத்திருந்த எண்பத்தாறாயிரம் ஷில்லிங்கை நிறுத்தி வைத்துவிட்டார்கள். புதுப் படகு மோட்டாருக்காக ஒன்பது வருஷம் சேர்த்த பணம். பழைய மோட்டார் போன மாதம் நடு ஏரியில் நின்றுபோய், ராத்திரி முழுக்கத் துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தார். அறுபத்திரண்டு வயதில்.

மாமா வீட்டில் காத்திருந்தார். அம்மா உகாலிக் களியும் பொரித்த ஓமேனா மீனும் வைத்திருந்தாள். படிவத்தைப் படித்துக் காட்டியதும் மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"இவ்வளவுதானா! பெர்ப்பெச்சுவா, ஒரு கையெழுத்து. மச்சானோட கடன் அவனோடயே போயிடும். எம்பணம் எங்கிட்ட வந்துடும். ரெண்டு காளை மாடு வெட்டி அடக்கம் பண்ணியிருக்கோம், இன்னும் என்ன சாட்சி வேணும்? பெட்டியைத் தூக்கினவன் நான்."

"தண்டை வேரோட தோண்டிட்டு வந்தவனும் நீதான்," என்றாள் அம்மா.

ஊரே பதினோரு வருஷமாகச் சொல்லிச் சிரிக்கும் கதை அது. தண்டை அடியில் வெட்டி, கிழங்கை மண்ணிலேயே விட்டுவிட வேண்டும். அன்றைக்கு அழுகையிலும் சாராயத்திலும் இருந்த மாமா, முழுசாக இருக்கட்டும் என்று கிழங்கோடு பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார். துணி சுற்றியிருந்ததால் யாரும் பார்க்கவில்லை. அடுத்த மழைக்குக் கல்லறையின் கால்மாட்டில் பச்சையாக ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. இப்போது அது ஐந்தாறு மரத் தோப்பு. தார் போடும், யாரும் தொடமாட்டார்கள். பறவைகள் தின்றது போக மிச்சம் அழுகி விழும். அம்மா மட்டும் ஒவ்வொரு தாருக்கும் கவைக்கம்பு வெட்டி முட்டுக் கொடுப்பாள். வெட்டமாட்டாள், விழவும் விடமாட்டாள்.

"கையெழுத்துப் போடு," என்றார் மாமா, குரலைத் தணித்து. "எனக்காகப் போடு."

அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை.

அஜியாம்போ தேடிப் போனபோது அம்மா வாழைகளுக்கு நடுவே சருகு உரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா? பேனா பிடிக்க அவ்வளவு கஷ்டமா?"

"அந்த வரியை இன்னொரு தடவை சொல்லு."

"உயிரோட இருக்கார்னு நம்பறதுக்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியாது."

"தெரியுமே," என்றாள் அம்மா.

சருகைக் கீழே போட்டாள். "அடக்கம் முடிஞ்ச நாலாம் நாள் தகரப்பெட்டியைத் திறந்தேன். அவரோட கோட்டு இருந்துச்சு. கல்யாண போட்டோ இருந்துச்சு. டிகிரி சர்ட்டிபிகேட் மட்டும் இல்ல. பிளாஸ்டிக் உறையோட காணோம். மீன் வாங்கப் போறவன் எதுக்குடி சர்ட்டிபிகேட்டை எடுத்துட்டுப் போறான்?"

மீன் இறங்கும் கரையில் எடைத் தராசு பிடிக்கிறவள் அஜியாம்போ. மீன்காரர்கள் சொல்லும் கணக்கில் ஐந்து கிலோ குறைந்தால் பார்வையிலேயே பிடித்துவிடுவாள். பதினோரு வருஷம் தன் வீட்டுக்குள் ஒரு தாள் குறைந்ததைப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியது, முதல் வருஷம் அப்பாவின் செருப்பைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கியது, எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது.

"ஏன் சொல்லல?"

"என்னன்னு சொல்ல? உங்கப்பன் நம்மளை விட்டுட்டு வேலை தேடிப் போயிட்டான்னா? இல்ல, போற வழியில முங்கிட்டான்னா? ரெண்டும் எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னும், தெரிஞ்சதைத் தெரியாதுன்னும் பைபிள் மேல கை வெச்சுச் சொல்லமாட்டேன். அண்ணன் பணத்துக்கு என் காதுத்தோட்டை வேணா வித்துக்கோ."

காதில் கிடந்தது பித்தளை. அஜியாம்போவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். படிவத்தை எடுத்து, கிழிக்காமல், அடுப்பு பற்றவைக்கும் தாள்களோடு செருகினாள்.

மறுநாள் தராசைத் தோழியிடம் விட்டுவிட்டுக் கிசுமுவுக்குப் போனாள். கடன் அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணுக்கு அவள் வயதுதான் இருக்கும். கணினியைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அசலும் வட்டியும் ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம். அபராதம் ஆறு லட்சத்துக்கு மேல. அப்பா இருக்காரா, இறந்துட்டாரா?"

"தெரியாது."

"இறந்துட்டார்னா தள்ளுபடியாகும்."

"தெரியாதுங்க. தெரிஞ்சா சொல்லமாட்டேனா?"

"அப்ப கட்டப்போறது யாரு?"

"நான்."

"மக கட்டணும்னு சட்டம் இல்லையே அக்கா."

"மாமன் கட்டணும்னு மட்டும் இருக்கு இல்ல?"

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அஜியாம்போ முழங்கையைப் பலகை மேல் ஊன்றினாள். விடிகாலையில் நாற்பது படகோட்டிகள் ஒரே நேரத்தில் கத்தும்போது எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள்.

"இதப் பாரு தங்கச்சி. பதினோரு வருஷமா தண்ணிக்குள்ள இருக்கிறாரோ வெளியில இருக்கிறாரோ தெரியாத ஒரு ஆளுக்கு மாசாமாசம் அபராதம் போட்டிருக்கீங்க. போடுங்க, உங்க வேலை. ஆனா அது உங்களுக்கு ஒருநாளும் வராது. நான் தர்றது வரும். எது வேணும்?"

அந்தப் பெண் உள்ளே போய் ஒரு பெரிய அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடியும் உட்கார்ந்தார். முதல் தவணையிலேயே மாமாவின் பணத்தை விடுவிக்கவேண்டும் என்றாள் அஜியாம்போ. ஆறு தவணை ஆகட்டும் என்றார் அவர். மூன்றில் முடிந்தது. மாதம் ஐயாயிரம், பத்தாம் தேதிக்குள். தவறாமல் கட்டினால் அபராதத்தை நீக்கப் பரிந்துரைப்பதாகவும் எழுதிக் கொடுத்தார். ஒரு தவணை தவறினாலும் எல்லாம் பழையபடி திரும்பும்.

"கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி யோசிச்சுக்கோங்க," என்றார் அதிகாரி. "மூணு வருஷம் இழுக்கும்."

"எங்கப்பாவுக்குப் படிக்க நாலு வருஷம் ஆச்சு," என்றாள் அவள். கையெழுத்துப் போட்டாள்.

மாமாவிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஒரு கையெழுத்துல தீர்ற சோலி! மூணு வருஷம் அடிமை எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கா. ஆயி மாதிரியே மக. மூளைக்குப் பதிலா உள்ள கல்லு."

"மூணே மாசத்துல உங்க பணம் வந்துடும் மாமா. அதுவரைக்கும் கரையோரமா மட்டும் போங்க."

"முதல் தவணைக்கு என்ன வெச்சிருக்க?"

அதுதான் இடித்தது. சம்பளத்தில் வயிற்றைக் கட்டினால் மூவாயிரத்தைந்நூறு மிஞ்சும். மாதாமாதம் குறையும் ஆயிரத்தைந்நூறைச் சாயங்காலம் வலை கோத்துச் சம்பாதிக்க வழி செய்துவிட்டாள். ஆனால் அந்தக் கூலி அடுத்த மாதம்தான் கைக்கு வரும். இன்றைக்குத் தேதி எட்டு.

ஒன்பதாம் தேதி காலையில் பைக் டாக்சிக்காரரை வீட்டுக்கு வரச் சொன்னாள். வெட்டுக்கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டு கல்லறைப் பக்கம் நடந்தாள். மூன்று தார் விளைந்து நின்றன. காய்கள் புடைத்து, விளிம்பு உருண்டு, இன்னும் நாலு நாளில் பறவைகளுக்குப் போகப்போகிற தார்கள்.

மாமா பின்னாலேயே ஓடிவந்தார். "ஏய் புள்ள! அது என்னன்னு தெரியுமா உனக்கு? அதைப் போய்... ஊரு என்ன பேசும்?"

"மடோகே வாழைக்காய் வாங்கறவ எந்த மண்ணுல விளைஞ்சதுன்னா கேட்டு வாங்கறா?"

"பெர்ப்பெச்சுவா! நீயாவது சொல்லு!"

அம்மா சமையல் கொட்டகையிலிருந்து வந்தாள். அஜியாம்போவின் கத்தி தயங்கியது. அம்மா வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவள் கத்தியைப் போட்டுவிட்டு வேறு வழி பார்த்திருப்பாள். அம்மா மகளைப் பார்த்தாள். பிறகு மரத்தடிக்கு வந்து, தான் வைத்த கவைக்கம்பைத் தானே உருவி எறிந்துவிட்டு, தாருக்குக் கீழே தோளைக் கொடுத்தாள்.

"தரையில விழுந்தா கன்னிப்போகும். விலை குறைப்பான்," என்றாள். "ம், வெட்டு."

ஒரே வெட்டு. தார் அம்மாவின் தோளில் இறங்கி உட்கார்ந்தது. வெட்டுவாயிலிருந்து பால் வழிந்து அவள் மஞ்சள் சட்டையை நனைத்தது. மாமா கொஞ்சநேரம் வானத்தைப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது தாருக்குத் தன் தோளைக் கொடுத்தார்.

மூன்றையும் பைக்கின் பின்னால் கட்டியதில் அஜியாம்போவுக்கு உட்கார இடமே இல்லை. பெட்ரோல் டேங்க் மேல் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டாள். ஓட்டுபவர், "உங்கப்பா நல்ல கனம்தான்," என்றார். அடுத்த நொடி நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஆமா, சீக்கிரம் ஓட்டு," என்றாள் அவள். "சந்தையில சீக்கிரம் இறங்கினாத்தான் அவருக்கு நல்ல விலை."

வளைவில் திரும்பிப் பார்த்தாள். அம்மா மண்வெட்டியோடு கல்லறைக் கால்மாட்டில் குனிந்திருந்தாள். முழங்கால் உயரக் கன்று ஒன்றைச் சுற்றி மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தாள். மாமா பக்கத்தில் நின்று, எப்போதும்போல, கையை ஆட்டி யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா காதில் வாங்காமல் கன்றைக் கிழங்கோடு பெயர்த்து எடுத்து, இரு கையாலும் ஏந்தி, கல்லறை எல்லைக் கற்களைத் தாண்டி வெளியே, சமையல் கொட்டகைப் பக்கமாக நடந்தாள். தோளில் வாழைக்கறை அதற்குள் பழுப்பேறத் தொடங்கியிருந்தது.