நெட்டை எனக்கு என்ன முறை

எனக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. ஆனால் ஓர் அண்ணன் உண்டு. இதைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை பார்ப்பவர்கள், "ஓ, பெரியப்பா மகனா?" என்று கேட்பார்கள். பெரியப்பா மகனைத்தான் நான் கல்யாணமே செய்துகொண்டேன் என்றதும் வாயடைத்துப் போவார்கள். எங்கள் மார்க்கத்தில் பெரியப்பா மகன் கட்டிக்கொள்ளும் முறை. பக்கத்து வீட்டில், வேறு மதத்தில் பிறந்த நெட்டைதான் எனக்கு அண்ணன். கேட்கிறவர்களுக்குத் தலை சுற்றும். நெட்டைக்கும் சுற்றியது. அந்தச் சுற்றலில்தான் அண்ணன் இருந்தும் இத்தனை வருஷம் நான் ஒற்றையாகக் கிடந்தேன்.

நான் பிறந்த கையோடு அம்மா கடும் காய்ச்சலில் விழுந்து, மாதக்கணக்கில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாளாம். புட்டிப்பால் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. குடித்ததையெல்லாம் கக்கிவிட்டு வீறிட்டிருக்கிறேன். என் அப்பா, எங்கள் பேச்சில் அத்தா, என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்து ஓய்ந்துபோன ஒரு நாளில், பக்கத்து வீட்டுக்காரி விறுவிறுவென்று வந்தாள். யாரும் கேட்கவில்லை. அவளே என்னை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் மகன் நெட்டையும் அப்போது கைக்குழந்தை. அவனுக்கு ஒரு பக்கம், எனக்கு ஒரு பக்கம். அம்மா தேறி வீடு வந்து சேரும்வரை எனக்கு அதுதான் சாப்பாடு.

பால் கொடுத்தவள் தாய். எங்களிடம் இது பேச்சுக்குச் சொல்வது இல்லை, சட்டம். அவள் பெற்ற பிள்ளைகள் எனக்கு உடன்பிறப்பு. அவர்களோடு கல்யாணம் ஆகாது, அவர்கள் முன்னால் நான் தலையை மூட வேண்டியதும் இல்லை. கொடுத்தவள் எந்த மதம், எந்த வேதம் என்ற கேள்வியே அதில் கிடையாது. அத்தா அவளைப் பாலம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் எழுந்து நின்று, தோளில் கிடக்கும் துண்டை எடுத்து நாற்காலியில் விரித்து, அதன்மேல் உட்காரச் சொல்வார். தமக்குப் பால் கொடுத்தவளுக்கு நபிகள் தம் மேலாடையை விரித்தார்கள் என்று சொல்லப்படுவதை அவர் பிடித்துக்கொண்டவர். பாலம்மாவுக்கு அதெல்லாம் தெரியாது. "ஐயோ, துண்டு அழுக்காயிடும்ணே" என்று கூசிக் கூசி நுனியில் உட்காருவாள்.

"இனி ரெண்டும் அண்ணன் தங்கச்சி" என்று அத்தா அவர்களிடம் சொல்லத்தான் செய்தார். ஒரு தடவை இல்லை, நூறு தடவை. ஆனால் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை எல்லாரும் அப்படித்தானே சொல்வார்கள். அவர் சட்டத்தைச் சொன்னார், அவர்கள் உபசாரம் என்று எடுத்துக்கொண்டார்கள். கேட்ட காதில் பிழை இல்லை, சொன்ன வாயிலும் பிழை இல்லை.

நான் வயதுக்கு வந்ததும் பெரியத்தா மகன் வந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்வேன். நெட்டை வந்தால் ஈரத் தலையோடு முன்னால் உட்கார்ந்து சிக்கெடுத்துக்கொண்டே அவனோடு சண்டை போடுவேன். பெரியத்தா மகனுக்குப் பொறுக்காது. "சொந்தக்காரன் எங்களுக்கு முக்காடு, அவனுக்கு இல்லையா?" என்று ஒரு நாள் அத்தாவிடமே கேட்டுவிட்டார். "அவன் அவளுக்கு அண்ணன். நீ என்ன அண்ணனா?" என்று அத்தா கேட்டதில் அவர் முகம் சிவந்து, பேச்சு அத்தோடு நின்றது. வேற்று மதக்காரனை நாங்கள் எட்ட நிறுத்துகிறவர்கள் என்று ஊரில் நாலு பேர் பேசுவார்கள். எங்கள் வீட்டில் சொந்தக்காரன்தான் வாசலில் நின்று தொண்டையைச் செருமினான். நெட்டை நேராக அடுப்படிக்கே வருவான்.

நெட்டையின் பக்கத்திலிருந்து யோசித்தால்தான் வினை எங்கே விளைந்தது என்று தெரியும். ஊருக்கெல்லாம் தலையை மூடுகிற ஒருத்தி, தன் முன்னால் மட்டும் மூடுவதில்லை. அதற்கு அவன் என்ன அர்த்தம் வைத்துக்கொள்வான்?

எக்ஸ்ரே படிப்பில் எனக்குக் கடைசி வருஷம். அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு அவன் கேட்டான்.

"உங்க அத்தாகிட்ட அம்மாவைப் பேசச் சொல்லட்டா?"

"எதைப் பத்தி?"

"நம்மளைப் பத்தி."

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் சிரித்துவிட்டேன். "லூசாடா நீ? நீ எனக்கு அண்ணன்."

அவன் முகம் செத்துப்போனது. "பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு. மதம் வேறன்னா அதைச் சொல்லு. எல்லாப் பொண்ணுங்களும் சொல்ற பொய்யை நீயும் சொல்லாத."

பொய்யில்லடா, எங்கள் சட்டமே அதுதான் என்று நான் கத்தியபோது அவன் வாசலைத் தாண்டிவிட்டான். அடுத்த மாதம் எனக்குப் பெரியத்தா மகனோடு கல்யாணம் பேசி முடித்தார்கள். நெட்டையின் கணக்கில் பெரியப்பா மகன்தான் அசல் அண்ணன். அசல் அண்ணனையே கட்டிக்கொள்கிறவள் தன்னை அண்ணன் என்றால் அது எத்தனை பெரிய புளுகு. கல்யாணத்துக்கு நிற்காமல் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிவிட்டான். என் போனை எடுக்கவில்லை. பாலம்மாவிடம் நான் வாயைத் திறக்கவில்லை. தெரிந்தால் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று அவள்தான் நொந்துபோவாள். மகன் வேலைக்காகப் போனான் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வரும், அழுகை அப்புறம். போகட்டும் சனியன் என்று ஒரு வருஷம் திட்டினேன். அதன்பிறகு திட்ட முடியவில்லை. பிள்ளை பிறந்தபோது தேடினேன். அத்தா மௌத்தானபோது தேடினேன். கடைசி நாட்களில்கூட அவர், "அந்தப் பய வரலையா?" என்று கேட்டார். தொழுகைக்குப் பின் ஏந்திய கையில் அவனுக்கும் ஒரு பங்கு எப்போதும் இருந்தது. சுகத்தைக் கொடு, நேர்வழியைக் காட்டு என்பார். அவன் எங்கள் வழிக்கு வர வேண்டும் என்ற ஆசை அத்தாவுக்கு உண்டு, மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் வந்தால்தான் பிள்ளை என்று அவர் ஒரு நாளும் எண்ணியதில்லை. என் பிள்ளைகள், "எல்லாருக்கும் மாமா இருக்காங்க, எங்க மாமா எங்க?" என்று கேட்டபோது ஆகாயத்தைக் காட்டினேன். செத்துப்போய்விட்டார் என்று நினைத்து இரண்டும் அழுதன. ஏரோப்ளேனில் போய்விட்டார் என்று விளக்கிச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர்கூட, பழைய பொறாமையெல்லாம் மறந்து, "மச்சான் போன் பண்ணாரா?" என்று பாலம்மாவிடம் விசாரிப்பார். எல்லாருக்கும் அவன் உறவு. அவனுக்குத்தான் நாங்கள் யாரும் இல்லை.

போன வாரம் பாலம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். என் எக்ஸ்ரே மேசையில்தான் கிடத்தினேன். "மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிப் பிழைக்கிறவள் நான். அன்றைக்கு எனக்கே மூச்சு வரவில்லை. திரையில் இடுப்பெலும்பு பிளந்து கிடந்தது. அவனுக்குச் செய்தி போனது. ஆபரேஷனுக்கு மறுநாள் வந்து சேர்ந்தான்.

எக்ஸ்ரே அறையின் உள்தடுப்பில், கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனைக் கழற்றும்போது முக்காட்டின் ஊசி சிக்கிக்கொண்டது. முழுவதையும் எடுத்துவிட்டுச் சரிசெய்துகொண்டிருந்தேன். கதவைத் தட்டி, "அந்தம்மாவோட பையன் படம் கேட்டு வந்திருக்காருங்க" என்றார் வார்டு உதவியாளர். அவசரமாகத் தலையை மூடிக்கொண்டு, "உள்ள அனுப்புங்க" என்றேன். அவர் போனதும் எடுத்துவிட்டேன்.

உள்ளே வந்தவன் என்னைப் பார்த்தான். நரைத்திருந்தான், கொஞ்சம் கூனியிருந்தான். சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"முதல்ல அதைப் போட்டுக்க."

"எதுக்கு?"

"உங்க மதத்துல..."

"எங்க மதத்துலதான் உன் முன்னாடி போட வேண்டாம்னு இருக்கு. உங்கம்மா எனக்குப் பால் குடுத்தாங்கல்ல? அதோட நீ அண்ணன் ஆயாச்சு. உனக்குப் பிடிச்சாலும் பிடிக்கலன்னாலும்."

"இன்னும் அந்தக் கதையை விடலையா நீ."

"கதையா? போய் எங்க ஆளுங்க யாரை வேணா கேளு. இப்பத்தான் கையில போன் இருக்கே, அதுல தேடு. தேடிட்டு வந்து பேசு."

அவன் நிஜமாகவே தேடினான். சுவரைப் பார்த்து நின்றபடியே போனைத் தடவித் தடவிப் படித்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. வெற்றி வந்துவிட்டது என்ற சிரிப்பு. இனிமேல் எனக்கு அண்ணன் இருக்கிறான், என் பிள்ளைகளுக்கு மாமா இருக்கிறான், ஒரு வார்த்தை தங்கச்சி என்று கூப்பிட வேண்டியதுதான் பாக்கி என்று மனசு குதித்தது. அவன் படத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

வேலை முடிந்ததும் பாலம்மாவின் அறைக்குப் போனேன். ஊசி போட்ட மயக்கத்தில் அவள் கண்மூடிக் கிடந்தாள். அவன் கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். நான் எதிர்ப்பக்கம் நின்றேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றான், மெல்ல. "அன்னிக்கு நான் உங்க மதத்துக்கு மாறியிருந்தா?"

அவனே தொடர்ந்தான்.

"அங்க என் ரூமுக்குப் பக்கத்துலயே ஒரு பள்ளிவாசல். தினம் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன். அன்னிக்குத் தைரியமா உள்ள போயிருந்தா நீ எனக்குக் கிடைச்சிருப்பன்னு நெனைப்பேன். பயந்து ஓடிட்டோமேன்னு தினம் என்னையே திட்டிக்குவேன். வேற யாரையும் கட்டிக்கவும் தோணல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இத்தனை வருஷம் ஓர் அண்ணனுக்கு ஏங்கிக்கொண்டிருந்தேன். அவன் இத்தனை வருஷம் ஒரு கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். அந்தக் கதவு ஒரு நாளும் இருந்ததில்லை. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

"மாறியிருந்தாலும் முடியாதுடா. மாறினா தொழுகிற அண்ணன், மாறலன்னா தொழாத அண்ணன். எப்படிப் பாத்தாலும் நீ அண்ணன்தான்."

"அப்போ வழியே இருந்ததில்லையா?"

"இருந்ததில்ல. நாம கைக்குழந்தையா இருக்கிறப்பவே முடிஞ்சுபோச்சு."

அவன் தலையை ஆட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டிக்கொண்டே இருந்தான். நான் சொன்னதைப் பொய் என்று நம்பியிருந்த வரைக்கும் அவனுக்கு ஏதோ ஓர் ஓரத்தில் ஆசை மிச்சமிருந்திருக்கிறது. என் உண்மை அதையும் பிடுங்கிக்கொண்டது. உன்னை அண்ணன் என்று கூப்பிடவிடு, நீ என்னைத் தங்கச்சி என்று கூப்பிடு என்று கேட்கத்தான் அந்த அறைக்கு வந்திருந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

"அப்போ நான் குடுத்த பாலுதான் காரணமா?"

கட்டிலிலிருந்துதான் குரல் வந்தது. பாலம்மா கண்ணைத் திறக்கவில்லை. மூடிய இமைக்கடியிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"இவன் ஒத்தையா நிக்கிறானேன்னு நான் வேண்டாத நாள் இல்ல. யாரு கண்ணு பட்டுச்சோன்னு நெனைச்சேன். நான்தானா அது? அழுத பிள்ளைய அள்ளிக்கிட்டுப் போனேன். வேற ஒண்ணும் செய்யலையே."

இல்லை என்று நான் சொன்னால் பொய். ஆமாம் என்று சொன்னால் என் உயிரைக் காப்பாற்றியவளை நானே கொல்கிறேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நெட்டை எழுந்தான். அவ்வளவு உயரத்தையும் மடித்துக் குனிந்து, தாயின் முகத்தருகே தன் முகத்தைக் கொண்டுபோனான்.

"இல்லம்மா. நீ அள்ளிக்கலன்னா இவ செத்திருப்பா" என்றான். அவள் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டான். "எனக்குத் தங்கச்சியே இருந்திருக்க மாட்டா."

பாலம்மா கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். நம்பட்டுமா என்று கேட்கிற மாதிரி பார்த்தாள். அவன் சிரித்துக் காட்டினான். அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சமாதானமாகி மறுபடி தூங்கிப்போனாள்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் அத்தனை வருஷம் காத்திருந்தேன். அது வந்துவிட்டது. அவன் என் பக்கம் திரும்பவில்லை. தாயின் காதோரத்து ஈரத்தைக் கட்டைவிரலால் துடைத்துக்கொண்டே நின்றான். அந்தக் கையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைப் பிடித்துக்கொள்ள எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. பிடிக்கத்தான் முடியவில்லை.