செம்புச் சுருள்

கருத்தரங்கு அழைப்பிதழில் மாசாணியம்மாளின் பெயர் இல்லை. மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் இல்லை. பேராசிரியர் சென்னகேசவன், சாய்சரண் என்று இரண்டே பெயர்கள். சாய்சரண் பேராசிரியருக்கு அக்கா மகன். ஆய்வுக்கூடத்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. மாசாணி அவரிடம் முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்து மூன்று வருடம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அது 1998. பீளமேட்டில் ஒரு கல்லூரி, அதில் வேதியியல் துறை. போர்ஃபிரின் என்று வளையமான மூலக்கூறு ஒன்று உண்டு. நடுக்குழியில் இரும்பு உட்கார்ந்த வளையம்தான் நம் இரத்தத்தின் சிவப்பு. உலோகத்தை அந்தக் குழிக்குள் ஏற்றுவதுதான் பெரும்பாடு. டி.என்.ஏ.வின் சிறு துண்டு ஒன்றே வினையூக்கியாக நின்று அந்த வேலையைச் செய்யும் என்று வெளிநாட்டில் கண்டுபிடித்திருந்தார்கள். மீனிலிருந்து எடுத்த மலிவான டி.என்.ஏ.வே போதும், ஒரே இரவில் துத்தநாகத்தை ஏற்றிவிடும் என்பது சென்னகேசவனின் கட்சி. வெறும் போர்ஃபிரின் புற ஊதா விளக்கில் சிவப்பாக ஒளிரும். மாசாணி கலந்து வைத்த குழாயில் காலையில் பார்த்தால் சிவப்பு அணைந்திருந்தது. உலோகம் ஏறிவிட்டது என்று துறையே லட்டு தின்றது.

மாசாணிக்கு அந்த லட்டு இறங்கவில்லை. துத்தநாகம் ஏறினால் ஒளியின் நிறம் மாறுமே தவிர அணையாது. அணைப்பது செம்பு. செம்பை யாரும் போடவில்லையே என்று ஒரு மாதம் தேடினாள். கடைசியில், தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் கருவியில் வந்து நின்றாள். போன வருடம் அதன் கண்ணாடிச் சுருள் உடைந்தபோது, "கோயமுத்தூர்ல இல்லாத பட்டறையா?" என்று மோட்டார் பட்டறையில் செம்புக் குழாயை வளைத்து வாங்கி மாட்டியவர் சாட்சாத் சென்னகேசவன்தான். செம்புக்கு வினையூக்கியும் வேண்டாம், வெற்றிலை பாக்கும் வேண்டாம். தானாகப் போய்க் குழியில் உட்கார்ந்துகொள்ளும்.

அவருடைய அறைக்குள் போய், கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னாள்.

"சார், அது துத்தநாகம் இல்லீங்க. நம்ம தண்ணியில வர்ற செம்புங்க."

"ஆனைமலையில இருந்து வந்து எனக்குக் கெமிஸ்ட்ரி சொல்லித் தர்றியா, அம்மணி?"

மறுவாரமே வேலை சாய்சரண் கைக்குப் போனது. அதற்கடுத்த மாதம் இந்த அழைப்பிதழ்.

ஊருக்குப் போனபோது அம்மா சின்னத்தாயியிடம் சொல்லி அழுதாள். வருத்தத்தில் வந்த அழுகை இல்லை அது; ஆத்திரத்தில் வந்தது.

"மாசாணியாத்தா கோயல்ல மொளகா அரைச்சு ஆத்தா கல்லுல பூசிப்போட்டு வாரேன் கண்ணு. உன்ற உழைப்பை எடுத்தவனுக்கு ஒடம்பெல்லாம் எரியோணும்."

"வேண்டாங்கம்மா. எனக்கு வாய் இருக்குதுங்க."

கருத்தரங்கு நாளில் அறை விளக்கைப் போட்டு அணைக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். மேசையில் சாய்சரண் இரண்டு குழாய்கள் வைத்தான். டி.என்.ஏ. உள்ள குழாய் முந்தின நாள் கலந்தது. டி.என்.ஏ. இல்லாத குழாயை அன்று காலை பத்து மணிக்குத்தான் கலந்தான். அவள் கண்ணால் பார்த்தாள். செம்பு ஏற நேரமே கொடுக்கவில்லை. அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் போட்டதும் பழைய குழாய் இருண்டு கிடந்தது, புதியது சிவந்து நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் தலைகுனிந்து வணக்கம் வேறு போட்டான்.

பெங்களூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் நஞ்சுண்டன் மட்டும் கைதட்டவில்லை. "துத்தநாகம் ஏறினா வெளிச்சம் இப்படிச் சுத்தமா அணையாதே?" என்றார்.

சாய்சரண் மாமாவைப் பார்த்தான். மாமா பின்வரிசையில் சுவிட்ச் பக்கம் நின்ற மாசாணியைப் பார்த்தார்.

"ஆரம்பத்துல இருந்து இதையெல்லாம் செஞ்சது அதோ அந்த மாசாணியம்மாள். தப்பு ஏதாச்சும் இருந்தா அந்தப் பொண்ணு கைத்தப்பா இருக்கும்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மூன்று மாதமாக எந்தக் காகிதத்திலும் இல்லாத பெயர் இப்போது ஒலிபெருக்கியில் வந்தது. பையைத் திறந்து, கறுப்புக் காகிதம் சுற்றிய இரண்டு குழாய்களை எடுத்துக்கொண்டு நேராக மேசைக்குப் போனாள்.

"ரெண்டுலயும் வெறும் போர்ஃபிரின்தானுங்க. டி.என்.ஏ.வும் இல்ல, துத்தநாகமும் இல்ல. ரெண்டும் நேத்துக் கலந்ததுங்க. இது எங்க துறைத் தண்ணி. இது வேற காலேஜ்ல இருந்து கேன்ல வாங்கிட்டு வந்த, கண்ணாடியில வடிச்ச தண்ணி."

புற ஊதா விளக்கை மறுபடி போட்டாள். துறைத் தண்ணீர் இருண்டு கிடந்தது. வெளித் தண்ணீர் சிவந்து எரிந்தது.

"செம்புச் சுருள் மாட்டுனது என்ற கை இல்லீங்க சார்" என்றாள். நஞ்சுண்டன் எழுந்து வந்து, இரண்டு குழாய்களையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெளியே வராந்தாவில் சென்னகேசவன் வழிமறித்தார். "உன் பேரைப் போட்டிருந்தா இப்படி மானத்தை வாங்கியிருப்பியா?"

இந்தக் கேள்வியை அவளே தன்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

"போட்டிருந்தீங்கன்னா அது என்ற தப்பும்தானுங்க. உங்க ரூமுக்கே மறுபடி மறுபடி வந்து சொல்லியிருப்பேன். மொதல்ல அங்கதானுங்களே வந்து சொன்னேன்?"

"உன் தீசிஸ்ல யாரு கையெழுத்துப் போடறான்னு பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனைமலையில், நடந்ததையெல்லாம் கேட்ட சின்னத்தாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"நீ வேண்டாமுன்ன மறுநாளே போயி அரைச்சுப் பூசிப்போட்டேன் கண்ணு. இப்ப நாயம் கெடைச்சுப்போச்சல்லோ? வெள்ளிக்கெழம போயி எண்ணெய்க் காப்புச் செஞ்சு ஆத்தாளைக் குளுத்தோணும். பாவம், அத்தனை மொளகாயும் அவ மேலதான எரிஞ்சுட்டிருக்கும்?"

"என்ற தீசிஸ் அந்தாளு மேசையில கெடக்குதுங்கம்மா" என்றாள் மாசாணி. "கையெழுத்து வரட்டும். அதுவரைக்கும் ஆத்தா எரியட்டுங்க. நானும் எரிஞ்சுட்டுத்தான இருக்கறேன்."